ரேடியோகிராபி படித்தவர்கள் வாருங்கள்: போஸ்டிங்கில் மறக்க முடியாத ஆள் யார்?

கோபிக்காரி

பிளஸ் டூ முடித்துவிட்டு ரேடியோகிராபி (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பு) சேரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பாடத்திட்டமும் சம்பளமும் தேடினால் கிடைத்துவிடும். எனக்கு நடந்ததை நான் சொல்கிறேன், அப்புறம் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஊர் கோபி பக்கம், அப்பாவுக்கு மஞ்சளும் கரும்பும். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்டு இமேஜிங் டெக்னாலஜி சேர்ந்தேன், 3 வருஷம் படிப்பு, 1 வருஷம் இன்டர்ன்ஷிப். வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "பட்டனை அமுத்தறதுக்கு எதுக்கு கண்ணு நாலு வருசம்?" அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் வருஷம் முழுக்க அனாட்டமியும் பிசிக்ஸும். கே.வி. (எக்ஸ்ரே டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) கூட்டினால் கதிர் ஊடுருவும் பலம் கூடும், எம்.ஏ.எஸ். (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) கூட்டினால் கதிரின் அளவு கூடும் என்று பரீட்சைக்காக உருப்போட்டேன். அதற்கெல்லாம் ஒரு முகம் இருக்கிறது என்று தெரிந்தது ரெண்டாம் வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பழகும் போஸ்டிங்கில்தான்.

சத்தி பக்கத்திலிருந்து ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், ரெண்டு மாதமாக இருமல், நெஞ்சுப் படம் எடுக்க வந்திருந்தார். நெஞ்சை ஸ்டாண்டில் ஒட்டி நிற்க வைத்து, தாடையை மேலே வைக்கச் சொல்லி, ரெண்டு புறங்கையையும் இடுப்பில் வைத்து முழங்கையை முன்னால் தள்ளச் சொன்னேன் (தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலக வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு). டியூப் 180 செ.மீ. தள்ளி. எல்லாம் சரி. தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னேன். "அவரு உசுரோட இருக்கறப்ப எப்பிடிச் சாமி கழட்டறது" என்று பதறிவிட்டார். வெளியே இருபது பேர் நிற்கிறார்கள் என்ற அவசரத்தில், "சரிங்கம்மா, அதைப் பின்னாடி முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கங்க" என்றேன். படம் வந்தது. முதுகெலும்பு ஓரமாக வெள்ளை வெளேரென்று தாலியும் குண்டும், கொடி நுரையீரல் மேல் வளைந்து கிடந்தது. கதிர் உடம்பைத் துளைத்துத்தானே போகிறது, பொருள் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, நிழல் விழத்தானே செய்யும். புத்தகத்தில் படித்து மார்க் வாங்கிய விஷயம் அது.

சீனியர் அக்கா வந்து பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஈய எழுத்து மார்க்கர்கள் போட்டு வைக்கும் டிராயரைத் திறந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்தார், அதில் சின்ன விரலி மஞ்சள் கட்டியிருந்தது. "இத மொதல்ல கட்டிக்கங்கம்மா, அப்புறமா கொடியக் கழட்டி மகள் கைல குடுங்க, வெறுங்கழுத்தா ஒரு நொடி கூட இருக்க வேண்டாம்." அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டார், கொடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். ரெண்டாவது படத்தில் முழுசாக மூச்சு இழுத்துப் பிடித்திருந்தார், பின்பக்க விலா எலும்பு பத்து எண்ண முடிந்தது, நுரையீரல் நன்றாக விரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நெஞ்சுப் படத்துக்கு ஆகும் டோஸ் கொஞ்சம்தான். ஆனாலும் அந்த முதல் ஷாட் நான் கேட்கத் தெரியாமல் அவர் உடம்பில் போட்டது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து என் டிராயரிலும் மஞ்சள் கயிறு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்ன்ஷிப்பின்போது ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் ஒரு பெண் முதுகுவலி என்று இடுப்பு எலும்புப் படத்துக்கு வந்தாள், கூடவே மாமியார். கதிர் நேராக அடிவயிற்றில் போகிற படம் என்பதால் குழந்தை உண்டாயிருக்கிறதா என்று கேட்காமல் எடுக்கவே கூடாது. "கடைசியா எப்பங்க தலைக்குக் குளிச்சது?" என்றேன். மாமியார் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங், நீங்க எடுங்" என்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஏதோ தட்டியது. "கதிர் படும், வெளிய இருங்கம்மா" என்று மாமியாரை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் கேட்டேன். "நாப்பது நாளாச்சுங்க்கா. போன தடவ கலைஞ்சு போச்சு, அதனால இன்னும் யார்கிட்டயும் சொல்லல." அந்தக் குரல் அடுத்த நாற்காலிக்குக் கூடக் கேட்டிருக்காது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன், டெஸ்ட்டில் ரெண்டு கோடு வந்தது, படம் வேண்டாம் என்று ஆனது. மாமியாரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய சேதி. இப்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கூட வந்தவர்களை வைத்துக்கொண்டு நான் கேட்பதே இல்லை.

பள்ளிபாளையத்தான்

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் தறி, தறிக்காரர்கள் யார் வந்தாலும் எனக்கு மாமன் மச்சான் மாதிரிதான் தெரியும். பவானி ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து கையை ஊன்றிய அண்ணன் ஒருத்தர் வந்தார். மணிக்கட்டுக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வழக்கமான ரெண்டு படம் எடுத்தேன். உடைசல் எதுவும் தெரியவில்லை. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம், "நாட்டுக்கட்டு போட்டுக்கறேன் தம்பி, தறி நிக்குது" என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் சார் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வலி எங்கேன்னு தொட்டுப் பாத்தியா?" பார்க்கவில்லை. கட்டை விரலை நன்றாக விரித்தால் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குழி விழும், உங்கள் கையிலேயே பாருங்கள். அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு. கை ஊன்றி விழுந்தவருக்கு அந்த இடத்தில் அமுக்கினால் வலித்தால், கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து அதற்கென்று தனி வியூ எடுக்க வேண்டும். அதிலும் கூட முதல் நாள் விரிசல் தெரியாமல் போகலாம், அதனால் கையை அசையாமல் கட்டி வைத்து 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருகிறது, நடுவில் உடைந்தால் முழங்கையை நோக்கிய பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்தே போகலாம்.

சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. அடுத்த நாள் பொழுதோட நானே வண்டி எடுத்துக்கொண்டு அவர் தெருவுக்குப் போய்த் தறிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்லிக் கூட்டி வந்தேன். தனி வியூவில் மயிரிழை போல ஒரு கோடு. மாவுக்கட்டு போட்டு மூன்று மாதம் ஆனது, கை பிழைத்துக்கொண்டது. டாக்டர் சீட்டில் மணிக்கட்டு என்றுதான் எழுதியிருப்பார், வலி எங்கே என்று கேட்டு அதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு.

காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா

என் மகளுக்கு இந்தப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறதுங்க. கதிர் பட்டால் பின்னால் கல்யாணம், குழந்தை எல்லாம் சிக்கலாகிவிடும் என்று சொந்தத்தில் பயமுறுத்துகிறார்கள். மனசுக்கு வெசனமாகவே இருக்கிறது. நிஜத்தைச் சொல்லுங்கள்.

கோபிக்காரி

அம்மா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, என் அம்மிச்சியும் இதையே கேட்டு அழுதார். நிஜம் இதுதான். வேலை செய்பவர் நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் என்று ஒன்று குத்தியிருப்போம், வாங்கிய கதிரை அது சேர்த்து வைத்துக்கொள்ளும், 3 மாதத்துக்கு ஒரு முறை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு 5 வருஷ சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கிய கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஒழுங்காகத் தடுப்புக்குப் பின்னால் நின்று எடுக்கும் எனக்கு இதுவரை வந்த கணக்கு அந்த வரம்பின் பக்கத்தில் கூடப் போகவில்லை. குழந்தை உண்டானால் உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதன் பின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிரே கிடையாது, அங்கே பயப்பட வேண்டியது காந்தத்துக்கு, அது ராத்திரி பகல் அணையாது, ஊக்கு கூட உள்ளே போகக்கூடாது.

கவனக்குறைவுதான் ஆபத்து. என்னுடன் படித்த ஒருத்தி பேட்ஜைக் குத்திய ஈய ஏப்ரனை (கதிரைத் தடுக்கும் மேலங்கி) எக்ஸ்ரே அறைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்துவிடுவாள். அந்தக் காலாண்டுக் கணக்கு எகிறி, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அவள் உடம்பில் எதுவும் படவில்லை என்று நிரூபிப்பதற்குள் தூக்கமே போய்விட்டது. ஏப்ரனைத் துணி மாதிரி மடித்து வைப்பவர்களும் உண்டு. உள்ளே ஈயத் தகடு விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, கம்பியில் தொங்கத்தான் விட வேண்டும். உங்கள் மகளுக்கு இப்போதே இதைச் சொல்லி வையுங்கள்.

சேர்க்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். படிப்பு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறதா என்று தாளில் பாருங்கள். அப்புறம் காலை 10 மணிக்கு அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கே போய் எக்ஸ்ரே அறை வாசலில் சித்த நேரம் உட்காருங்கள். பெஞ்சு காலியாக இருந்தால் பிள்ளை யார் மேல் கை வைத்துக் கற்றுக்கொள்ளும்? என் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியே இல்லாத ஓர் இடத்தில் டிப்ளமா முடித்துவிட்டு, உயிருள்ள ஆளை முதன்முதலில் படுக்க வைத்தது வேலைக்குச் சேர்ந்த அன்றுதான்.

காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா

சரிங்க கண்ணு. திங்கக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த மஞ்சள் கயிறு விஷயத்தை அவளிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன்.