பழைய டயர் வண்டியிலிருந்து செகண்ட் ஹேண்ட் பெல்ட் அறுவடை மிஷினுக்கு மாறுகிறேன்: எதைப் பார்த்து எடுப்பது?

மன்னார்குடியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். சொந்த நிலம் கொஞ்சம் உண்டு. மற்றபடி அறுவடை மிஷினை வாடகைக்கு ஓட்டுவதுதான் பிழைப்பு. கையில் இருப்பது 14 அடி கத்தி வைத்த பழைய டயர் வண்டி. குறுவையில் வயல் காய்ந்து கிடந்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சம்பா, தாளடியில்தான் பாடு. மார்கழிக் கடைசியில் ஒரு மழை விழுந்தால் போதும், எங்கள் களிமண்ணில் முன் டயர் பாதி இறங்கிவிடுகிறது. ஒரு மா, இரண்டு மா அளவுள்ள சின்ன வயலில் வண்டியைத் திருப்புவதற்குள் வரப்பு போய்விடும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்து தெளித்தவர்கள் டயர் வண்டி என்றாலே வேண்டாம் என்கிறார்கள். டயர் போன தடத்தில் தண்ணீர் நின்று முளைப்பு அழுகுவதைப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம்தான்.

டயருக்குப் பதில் ரப்பர் ட்ராக்கில் ஓடுகிற பெல்ட் வண்டியைப் புதுசாக வாங்க வசதி இல்லை. இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று திருத்துறைப்பூண்டி பக்கம், 2016 மாடல், மீட்டரில் ஓடிய நேரம் 2,900 மணி. இன்னொன்று ஆத்தூரில், 2019 மாடல், 3,800 மணி. இரண்டாவது ஆந்திரா, கர்நாடகா வரை போய் ஓடிய வண்டி. மீட்டர் குறைவாக இருப்பதால் முதல் வண்டிதான் நல்லது என்கிறார் புரோக்கர். அதை நம்பலாமா? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

நீடாமங்கலம், மெக்கானிக்

தம்பி, மாடல் வருடத்தையும் மீட்டரையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. பெடல் ரப்பர், லீவர் பிடி, கதிரை மேலே இழுக்கும் செயினின் தேய்மானம் மூன்றும் மீட்டர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பெல்ட் வண்டியில் காசைத் தின்பது கீழ்ப்பாகம். ரப்பர் ட்ராக் ஒரு ஜோடி மாற்றினாலே வாங்கிய விலையில் கணிசமாகப் போய்விடும். வெளிப்பக்கப் பல் உயரமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு வந்துவிட வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, கீழே குனிந்து ட்ராக்கின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ராக்கைச் சுழற்றும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட் பிடிக்கும் இரும்புக் கட்டைகள் ஆடினாலோ, வெடிப்பு வழியே எஃகுக் கம்பி தெரிந்தாலோ அந்த ட்ராக் ஒரு சம்பாவைத் தாண்டாது. ஸ்பிராக்கெட் பல் கூர்மையாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ட்ராக்குக்குள் உருளும் ரோலர் ஓரத்தில் ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போய்ச் சேறு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது வண்டியை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்ப். இதை ஷெட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது. ஆயில் குளிர்ந்திருக்கும்போது தேய்ந்த பம்ப்பும் நன்றாகத்தான் இழுக்கும். சூடானதும் ஆயில் இளகி உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். ஒரு மணி நேரமாவது சேற்றில் அறுக்க விட்டு, தொட்டியில் நெல் நிறைந்திருக்கும்போதே வரப்பு ஏறச் சொல்லுங்கள். இன்ஜின் சத்தம் இறங்காமல், வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் பம்ப்போ ஹைட்ராலிக் மோட்டாரோ போய்விட்டது. அந்த வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

தாளடி இன்னும் அங்கங்கே நிற்கிறது. அது முடிவதற்குள் டீசலை உங்கள் செலவில் ஊற்றி ஒரு வயலாவது அறுத்துப் பாருங்கள். சித்திரையில் கழுவிப் பெயிண்ட் அடித்து நிறுத்திய பிறகு எந்த வண்டியும் புதுசு போலத்தான் இருக்கும்.

ஒரத்தநாடு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் அண்ணே. டயர் வண்டியை விற்றுவிட்டா வாங்கப்போகிறீர்கள்? முடிந்தால் விற்காதீர்கள். பெல்ட் வண்டியின் கத்தி ஏழு அடிக்குள்தான். காய்ந்த வயலில் உங்கள் டயர் வண்டி அறுக்கும் பரப்பை அது தொடவே முடியாது. ஊர் விட்டு ஊர் போக லாரியில் ஏற்ற வேண்டும், அந்த வாடகையும் உங்கள் தலையில்தான். டயர் வண்டி தானே ரோட்டில் போய்விடும்.

ஆனால் பெல்ட் வண்டி இல்லாமலும் இனிமேல் முடியாது. பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் நாள் ஜூன் 12 என்று பேர்தான். 2022ல் மே 24லேயே மேட்டூரைத் திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 ஆனது. தண்ணீர் தள்ளிப்போகிற வருடத்தில் பின்னால் நட்ட குறுவைகூட ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது. ஈரத்தில் இறங்கி அறுக்கிற வண்டி வைத்திருப்பவரைத்தான் அப்போது எல்லோரும் தேடுகிறார்கள்.

தலைஞாயிறு

முதல் வண்டி திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலோரம் ஓடியதா என்று கேளுங்கள். எங்கள் பக்கம் உப்பு மண், உப்புக் காற்று. தகடு சீக்கிரம் போய்விடும். நெல் தொட்டியின் அடித்தகடு, நெல்லைத் தள்ளும் திருகு ஓடுகிற குழாய், சேஸிஸ் வெல்டிங் ஓரம் மூன்றையும் சாவியால் தட்டிப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும்.

இன்னொன்று. எங்கள் ஊரில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் உயரப் பயிர், சாய்ந்தும் கிடக்கும். அந்த வைக்கோலை இழுக்க இன்ஜினில் சத்து வேண்டும். குபோட்டா டிசி-68ஜி மாதிரி 68 குதிரைசக்தி வண்டியில்கூட மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். புகை குப்குப்பென்று தள்ளினால் உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

கும்பகோணம்

பேப்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் அடித்திருப்பதோடு நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடனில் எடுத்த வண்டி என்றால் ஆர்.சி.யிலேயே பதிந்திருக்கும். பேங்கின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30 வேண்டும். வெளிமாநிலப் பதிவு என்றால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்றான படிவம் 28ம் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும் கேளுங்கள். மானிய வண்டிகளுக்குக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும்.

மன்னார்குடியிலிருந்து

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வண்டிகளையும் தாளடி வயலில் இறக்கிப் பார்த்துவிட்டேன்.

முதல் வண்டி ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. சூடான பிறகு நிறைந்த தொட்டியோடு வரப்பு ஏறச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மீட்டரில் 2,900 மணி காட்டுகிறது, பெடலில் ரப்பரே இல்லை, இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டேன்.

ஆத்தூர் வண்டி சூட்டிலும் ஏறியது. ட்ராக் இரண்டும் ஒரே அளவு தேய்மானம், கம்பி தெரியவில்லை. ஆனால் பின்னால் விழுகிற வைக்கோலை எடுத்துப் பார்த்தால் கதிரில் நெல் ஒட்டிக்கொண்டே வருகிறது. வயல்காரர் முகம் சுருங்கிவிட்டது. இது பெரிய செலவா? இதைச் சொல்லி விலையைக் குறைக்கலாமா? கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதாம். டயர் வண்டியை இப்போதைக்கு விற்பதாக இல்லை.

நீடாமங்கலம், மெக்கானிக்

தம்பி, இரண்டில் ஆத்தூர் வண்டிதான் சரி. வைக்கோலில் உதிர்ந்த நெல் தனியாக வந்தால் காற்றையும் சல்லடையையும் ஓட்டுகிற வேகத்தையும் சரிசெய்தால் போதும். கதிரோடு ஒட்டி வருகிறது என்றால் கதிரடிக்கும் டிரம்மின் பல்லும் அதற்கு அடியில் இருக்கும் கம்பிச் சல்லடையும் தேய்ந்திருக்கும். காலைப் பனி ஈரத்தில் அறுத்தாலும் இப்படி வரும். அதனால் பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஒட்டி வந்தால் ஒரு செட் பல்லுக்கும் சல்லடைக்கும் கடையில் விலை கேட்டு, கூலியும் சேர்த்து, அந்தத் தொகையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். பம்ப்பையும் ட்ராக்கையும் ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

பல் மாற்றும்போது தேய்ந்ததை மட்டும் ஒன்றிரண்டாக மாற்ற விடாதீர்கள். எதிரெதிர் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் டிரம் எடை ஒரு பக்கம் சாய்ந்து, அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். டிரம்முக்கும் கம்பிச் சல்லடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் ஒரேயடியாக இறுக்கிவிட வேண்டாம். நெல் தோல் உரிந்து அரிசியாகத் தொட்டியில் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரத்தை 17 சதவீதத்துக்குள் காட்டவே வயல்காரர் அல்லாடுகிறார், நொறுங்கலும் சேர்ந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடனுக்குக் கும்பகோணத்துக்காரர் சொன்ன மாதிரி செய்யுங்கள். இப்போது அட்வான்ஸ் மட்டும் போதும், மீதி பேங்க் பேப்பர் வந்த பிறகு. வண்டியை லாரியில்தான் ஏற்றி வர வேண்டும். கொஞ்ச தூரம்தானே என்று தார் ரோட்டில் ஓட்டினால் ரப்பர் பல் சீவிக்கொண்டு போய்விடும். வந்ததும் ஹைட்ராலிக் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பார்த்து, உள்ளே இரும்புத்தூள் இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.