மறு: மறு: புராஸ்டேட்டுக்குத் துண்டறிக்கையில் என்ன எழுதுவது? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

குடியாத்தத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு சிறுநீர் முகாம். நெசவாளர்கள், பீடி சுற்றுகிறவர்கள், சுற்றுவட்டாரத்து விவசாயிகள் வருவார்கள். டாக்டர்கள் எல்லா நாட்டிலும் பயன்படுத்துகிற ஏழு கேள்விப் படிவத்தைத் தமிழில் முடித்துவிட்டேன். 'முக்கிப் போக வேண்டியிருக்கிறதா', 'விட்டு விட்டு வருகிறதா', 'போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா', 'ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்' என்று பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இதில் சிக்கல் இல்லை.

துண்டறிக்கையின் தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி வயதானால் பெருப்பது, 'புராஸ்டேட் வீக்கம்' என்று பத்திரிகைகளில் வருகிறது. எங்கள் பெரியவர்கள் பலருக்கு அந்த முதல் சொல் எதையும் சொல்வதில்லை. ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும், வியாழன் இரவுக்குள்.

ஆற்காட்டிலிருந்து:

நல்ல கேள்வி, தம்பி. கிரேக்க மூலத்தைப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு 'முன்னே நிற்பவன்', அதன் வழியாகத் 'தலைவன்' என்று பொருள். நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: முன்னிலை. கல்யாணப் பத்திரிகையில் 'முன்னிலை' என்று போட்டுப் பெரியவர் பெயரை அச்சிடுகிறோமே, அதே பொருள், நிற்றலும் தலைமையும் ஒன்றாக. ஆகவே முன்னிலைச் சுரப்பி. 'புராஸ்டேட்' என்ற வடிவத்தை நான் ஏற்கவே மாட்டேன். கிரந்த ஸகரம் ஒன்று, மெய்ம்மயக்கத்தில் இல்லாத 'ஸ்டே' ஒன்று, போதாததற்கு வல்லின மெய்யில் முடிகிறது. தமிழில் எந்தச் சொல் 'ட்' என்று முடிகிறது? கடன் வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் 'புராசுத்தேட்டு' என்று குற்றியலுகரம் கொடுத்து எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே 'முன்னிற்கும் சுரப்பி' என்றுதான் படித்தோம். புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. எங்கள் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர், உடற்கூற்று நூல்களை மொழிபெயர்த்து அச்சிட்டவர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. 'முன்னிலை' என்றால் மாணவனுக்கு நீ, நீர், நீங்கள்தான் நினைவுக்கு வரும். பெயரெச்சமாக 'முன்னிற்கும்' என்று வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

ஆற்காட்டிலிருந்து:

பெயரெச்சம் பெயராகாது, அதுதான் என் தடை. 'முன்னிற்கும் சுரப்பி அழற்சி', 'முன்னிற்கும் சுரப்பிப் புற்று' என்று அடுக்கும்போது மூச்சு வாங்கும். ஆனால் முன் நிற்றல் என்ற தொடரின் பெருமையை மறுக்கவில்லை. 'என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை முன்நின்று கல்நின் றவர்' என்ற குறளை நினைத்துப் பாருங்கள், தலைவன் முன் எதிர்த்து நின்றவர்கள் இன்று நடுகல்லில் நிற்கிறார்கள் என்கிறது. கல்லாக நின்றவர்கள் நம் வட ஆற்காட்டு மண்ணில்தான் எத்தனை பேர்! செங்கம் பக்கத்துப் பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்தோடு நிற்கிறார்களே, ஆநிரை மீட்டுச் செத்தவர்கள்.

திருவண்ணாமலையிலிருந்து:

ஐயா சொன்ன நடுகற்களில் சிலவற்றில் வீரனுடன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, எடுத்தனூர்க் கல்லில் அந்த நாயின் பெயரே இருக்கிறது, கோவிவன். தனி இழையில் எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து (டாக்டர்):

தனி இழையில் எழுதுங்கள், நானும் படிக்கிறேன். இப்போது முகாமுக்கு வருவோம்.

முதலில் உடற்கூறு. இந்தச் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு முன்னால் நிற்கவில்லை. நிற்கிற மனிதனுக்கு இது சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்புறம், நீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கிறது. இளம் வயதில் ஏறக்குறைய 20 கிராம். விந்துவோடு சேரும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. வயதானால் இது பெருக்கிறது. அறுபதை ஒட்டிய ஆண்களில் சுமார் பாதிப்பேருக்கு அப்படிப் பெருத்திருக்கும், எண்பதுகளில் பெரும்பாலோருக்கு. பெருத்த எல்லாருக்கும் தொந்தரவு வருவதில்லை.

அடுத்தது, 'வீக்கம்' வேண்டாம். வீக்கம் என்றால் எங்கள் நோயாளிகள் ஒத்தடம் கொடுப்பார்கள், வலி மாத்திரை வாங்குவார்கள். கிருமியால் வரும் அழற்சி வேறு, அதற்குக் காய்ச்சலும் வலியும் உண்டு. இது உயிரணுக்கள் எண்ணிக்கையில் கூடுவது. 'கட்டி' என்றும் எழுதாதீர்கள், படித்தவுடன் புற்றுநோய் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாராவது நிச்சயம் கொண்டுவருவீர்கள்: 'ஆண்மைச் சுரப்பி' கூடவே கூடாது. பேருந்து நிலையச் சுவர்களில் 'ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி' என்று ஒட்டியிருப்பதைப் படித்து வளர்ந்த மனிதரிடம் 'ஆண்மைச் சுரப்பியில் ஆபரேஷன்' என்று சொன்னால் என்ன நினைப்பார்? குழாய் வழியாக உள்ளே போய்ச் சுரண்டி எடுக்கும் அந்தச் சிகிச்சையில் வெளியே கீறல் கிடையாது, விறைப்பும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிப் போவது மட்டும் பலருக்கு நடக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். சுவரொட்டியில் உள்ள அந்த ஒரே சொல்லில் விறைப்புப் பிரச்சினை, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் குறைவு, குழந்தையின்மை மூன்றையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சொல்ல அறிகுறியும் வேண்டும், காலை நேரத்து ரத்தப் பரிசோதனை இரண்டு முறை குறைவாகவும் இருக்க வேண்டும். குழந்தைக்காக முயல்கிற இளைஞனுக்கு யாரோ டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுவிட்டால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகும். இவ்வளவு கேடும் ஒரு சோம்பேறிச் சொல்லால் வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

காவேரிப்பாக்கத்திலிருந்து (ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை):

டாக்டர் விவரித்த இடத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் ஏரி மடைதான் கண்ணில் வந்தது. நீர் தேங்கும் இடத்தின் அடியில், வெளியேறும் வழியில் இருப்பது மடை. மடுத்தல் என்றால் உட்செலுத்துதல், தடைப்படுதல் இரண்டும். மடைச் சுரப்பி, மடையடைப்பு. பாலாற்றுப் படுகையில் ஏரிப் பாசனம் செய்த எந்த விவசாயிக்கும் விளக்கமே தேவையில்லை. மடைப்பள்ளியில் வரும் மடையும், திறந்துவிடுதல், படைத்தல் என்று இதே வேரிலிருந்து கிளைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. மடு, மடி, மடங்கல் எல்லாவற்றையும் ஒரு நாள் விரிவாக எழுத வேண்டும்.

வேலூரிலிருந்து (டாக்டர்):

சொல் அழகாக இருக்கிறது, ஐயா. ஆனால் திறந்து மூடும் வேலையைச் செய்வது அங்குள்ள சுருக்குத் தசைகள், சுரப்பி அல்ல. மடை என்று பெயரிட்டால் 'மடையை எடுத்துவிட்டால் நீர் ஒழுகிக்கொண்டே இருக்குமே' என்று அடுத்த கேள்வி வரும்.

திருப்பத்தூரிலிருந்து (சித்த மருத்துவர்):

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மருத்துவத்தில் கல்லடைப்பு, சதையடைப்பு, நீரடைப்பு என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி பற்றிப் பேசும் எந்தப் பெரியவரும் இந்த வரிசையைச் சொல்வார். நீர்வழியில் சதை பெருத்து அடைத்தால் சதையடைப்பு. நோய்க்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

வாலாஜாவிலிருந்து (செவிலியர்):

நான் சதையடைப்பை ஆதரிக்கிறேன், காரணம் இலக்கணம் அல்ல. துண்டறிக்கையை வீட்டில் முதலில் படிப்பது மனைவியும் மருமகளும்தான். தாத்தா ராத்திரி நாலு முறை எழுந்திருப்பதை அவர்கள்தான் பார்க்கிறார்கள். அந்தச் சொல்லை மருமகள் மாமனாரிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும், அவரும் பிள்ளையிடம் சொல்ல முடிய வேண்டும். கூச்சத்தால் தள்ளிப்போட்டு, ஒரேயடியாக நீர் நின்று, வயிறு பானையாக உப்பி, டியூப் போட வருகிறவர்களை நான் வார்டில் பார்க்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து:

செவிலியர் அம்மா சொன்னதுதான் இடக்கரடக்கல், அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதியே வகுத்தார். நோய்ப்பெயராகச் சதையடைப்பை மனதார ஏற்கிறேன். சுரப்பியின் பெயரில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆம்பூரிலிருந்து (மருந்துக்கடை):

எங்கள் கடையில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஓடும். டாக்டர் சீட்டிலும் ஸ்கேன் அறிக்கையிலும் 'புராஸ்டேட்' என்றுதான் இருக்கும். வேலூர் தோட்டப்பாளையத்தில் வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருக்கிற நோயாளியும் அதைத்தான் சொல்வார். துண்டறிக்கையில் முன்னிலைச் சுரப்பி என்று படித்துவிட்டு ஸ்கேன் அறிக்கையைப் பார்க்கிறவர் தனக்கு இரண்டு நோய் என்று நினைப்பார். நோய்க்குச் சதையடைப்பு, சுரப்பிக்கு புராஸ்டேட். இதுவே போதும் என்பது என் ஓட்டு.

பெயரைவிட முக்கியமான ஒன்று. சளிக்கு, மூக்கடைப்புக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு நீரை அடியோடு நிறுத்திவிடும். அதைத் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நோயாளியின் அறிக்கையோடு பொருந்த வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் இந்த நியாயத்தை எல்லாச் சொல்லுக்கும் சொல்லியிருந்தால் 'சிறுநீரகம்' வந்திருக்குமா? குண்டிக்காய் என்று சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று சிறுநீரகம் என்று எழுதுகிறார்கள். இந்தியாவில் முதலில் வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றிவைத்தது உங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், 1971இல். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு சொல் வரக்கூடாதா?

வேலூரிலிருந்து (டாக்டர்):

வரலாம், வர வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகாமில் வேண்டாம். சதையடைப்புக்கும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 'மூக்கில் சதை' என்பது போல எடுத்துக்கொண்டு, வெட்டினால்தான் தீரும் என்று பயப்படுவார்கள். அதனால் இந்த வரிகளைச் சேருங்கள்: 'பலருக்கு மாத்திரையே போதும். தசையைத் தளர்த்தும் மாத்திரை சில நாட்களில் வேலை செய்யும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். கண்புரை அறுவைக்குப் போனால் கண் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரை பலன் தர ஆறு மாதம் ஆகும், இடையில் நிறுத்தாதீர்கள்.' கஷாயம் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிறுநீரில் ரத்தம் வந்தால் கஷாயத்தோடு காத்திருக்காமல் உடனே வர வேண்டும். சதையடைப்பு புற்றுநோய் அல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால்தான் பரிசோதனை.

திருப்பத்தூரிலிருந்து (சித்த மருத்துவர்):

ரத்தம் பற்றிய வரியை நானே சொல்லியிருப்பேன். சேருங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

நன்றி. அச்சகத்துக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், அதனால் இப்படி அனுப்புகிறேன். தலைப்பு: 'சதையடைப்பு: வயதான ஆண்களுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவு'. உள்ளே முதல் வரியில் 'புராஸ்டேட் என்ற சுரப்பி பெருப்பதால் வருவது', பிறகு முழுவதும் சதையடைப்பு. சளி மாத்திரை, ரத்தம், கண் டாக்டர் மூன்றும் கட்டம் கட்டி.

ஆற்காட்டிலிருந்து:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸகரமும் வல்லின ஈறும் கொண்ட ஒரு சொல்லை நம் ஊர்ப் பெரியவர் கையில் கொடுக்கிறோம். மறுபதிப்பு வரும்போது முன்னிலைச் சுரப்பியோடு மீண்டும் வருவேன்.

காவேரிப்பாக்கத்திலிருந்து:

டாக்டர் சொன்னதை யோசித்தேன். திறந்து மூடுவது சுருக்குத் தசைகள் என்றால், அவற்றுக்கு மடைத்தசை என்று பெயர் வைப்பதில் யாருக்காவது தடை உண்டா?