பொட்டாசியம் சிரப்பா, கேப்சூலா, இளநீரா? மாமனாருக்கு எதைக் குடுக்கறதுங்க?

காங்கயத்து மருமக:

வணக்கமுங்க. நாங்க காங்கயம் பக்கத்துல ஒரு கிராமம். எங்க மாமனாருக்கு 68 வயசு. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை லாசிக்ஸ் போட்டுட்டு இருந்தாரு. போன மாசம் அதை ரெண்டு வேளை ஆக்குனாங்க. அதுக்கப்புறம் ஆளே ஓஞ்சு போயிட்டாருங்க. ராத்திரியானா கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சுக்குது. கட்டுத்தரைக்குப் போயி மாட்டை அவுத்துக் கட்டக்கூடத் தெம்பில்லைங்கறாரு.

ரத்தம் எடுத்துப் பாத்தா பொட்டாசியம் 3.1, கொறைவுன்னாங்க. பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லி, ரெண்டு வேளை, அஞ்சு நாளைக்குக் குடுத்துட்டு மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்தாரு. கடையில அது இல்லைன்னு பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பைக் குடுத்து, "ரெண்டும் பொட்டாசியந்தான், கொண்டு போங்க"ன்னுட்டாங்க. அமெரிக்காவுல இருக்கற கொழுந்தனாரு 99 மில்லிகிராம் கேப்சூல் டப்பா ஒண்ணு குடுத்து விட்டிருக்கறாரு. மாமாவோ, "நம்ம தோப்புல இல்லாத இளநீரா, அதைக் குடிச்சாப் போதும்"ங்கறாரு. பிரசருக்கு டெல்மிசார்டன் 40 போடறாரு. முட்டி வலிச்சா கடையில கேட்டு வலி மாத்திரை வாங்கிக்குவாரு. எதைக் குடுக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோபி பார்மசிஸ்ட்:

அம்மணி, அந்த சிட்ரேட் பாட்டலைப் பிரிக்காம இருந்தா முதல்ல அதைத் திருப்பிக் குடுத்துருங்க. அது பெரும்பாலும் கிட்னிக் கல்லுக்கு எழுதற மருந்து, மூத்திரத்தோட புளிப்பைக் கொறைக்கறதுக்கு. நீர் மாத்திரையால மாமாவுக்குப் பொட்டாசியம் மட்டும் போகலை, அதோட குளோரைடும் சேந்து போகுது. அதனாலதான் டாக்டர் குளோரைடுன்னு பேரைச் சொல்லி எழுதியிருக்கறாரு. கடையில மருந்தை மாத்துனா எழுதுன டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு மாத்தோணும். நான் கவுண்டர்ல நிக்கற ஆளு, எனக்கு இந்த விசயத்துல சமாதானமே கெடையாதுங்க.

சரியான பாட்டல் வந்ததும் லேபிளைப் படிங்க. சாதாரணமா 15 மில்லிக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 20 எம்ஈக்யூ (மில்லி ஈக்விவலன்ட்ங்கற அளவு)ன்னு போட்டிருக்கும். வெறும் பொட்டாசியமாக் கணக்குப் பாத்தா ஏறக்குறைய 780 மில்லிகிராம். கொழுந்தனாரு குடுத்த கேப்சூல்ல இருக்கறது 99. எட்டு கேப்சூல் முழுங்குனாத்தான் ஒரு வேளை சிரப்புக்கு ஈடாகும். அதைச் சிரப்போட சேத்தும் குடுக்க வேண்டாம், சிரப்புக்குப் பதிலாவும் குடுக்க வேண்டாம். எடுத்து வெச்சுருங்க.

இனி குடுக்கற விதம். மூடியில அளந்து ஊத்துங்க, சமையக்கட்டு கரண்டியில வேண்டாம். முக்கால் டம்ளர் தண்ணியில நல்லாக் கலக்கி, சாப்பிட்டதுக்கு அப்புறம், அஞ்சு பத்து நிமிசம் கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிக் குடிக்கச் சொல்லுங்க. அப்படியே வாயில ஊத்துனா வவுறு எரியும், கொமட்டும், சில பேருக்குப் புண்ணே வந்துரும். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெட்டிப்பாக் குடுக்கக் கூடாது. சிரப்புக்குப் பதிலா மெதுவாக் கரையற மாத்திரை எழுதற டாக்டருங்களும் இருக்கறாங்க. அதை ஒடைக்காம, மெல்லாம, டம்ளர் நெறையத் தண்ணியோட உக்காந்துட்டு முழுங்கோணும். முழுங்கிட்டு ஒடனே படுத்தா உணவுக்குழாய்லயே ஒட்டிப் புண்ணாக்கிரும்.

எனக்குக் கவலையெல்லாம் அந்த முட்டிவலி மாத்திரை மேலதானுங்க. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை ஒடம்புலயே நிறுத்தி வெக்கற மருந்து. டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரையும் அப்படித்தான். நீர் மாத்திரை, டெல்மிசார்டன், வலி மாத்திரை மூணும் ஒண்ணாச் சேந்தா கிட்னியை அடிச்சுரும். கிட்னி வேலை கொறைஞ்சா குடுக்கற பொட்டாசியம் வெளியே போறதுக்கு வழியில்லை. இன்னிக்கு 3.1 இருக்கறது அளவுக்கு மீறி 5.5 தாண்டிக்கூடப் போயிரலாம். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் டெஸ்ட் கடைசியா எப்பப் பாத்தீங்கன்னு தேடி எடுங்க. வலி மாத்திரையை நிறுத்திட்டு, வேற என்ன போடலாம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க.

பவானி அக்கா:

தம்பி சொல்றதை ஏனோதானோன்னு விட்டுராதீங்க கண்ணு. எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி பாதிதான் வேலை செஞ்சுட்டு இருந்துச்சு. இருதயத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை குடுத்தாங்க, அதுவும் பொட்டாசியத்தை ஒடம்புல நிறுத்தி வெக்கற மருந்துதான். பிரசருக்கு நல்லதுன்னு ஒறம்பரை ஒருத்தரு சொல்லி, சோடியம் கம்மியான உப்பை வாங்கிச் சமைச்சோம். அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலாப் பொட்டாசியம் குளோரைடு இருக்குதுன்னும், அந்த மாத்திரையோட அது ஆகாதுன்னும் எங்களுக்கு யாரும் சொல்லலை. ஒரு நாள் காத்தால காலை ஊனி எந்திரிக்க முடியலை. கூட்டிட்டுப் போனா பொட்டாசியம் 6.8. ஈசிஜி பட்டையைப் பாத்த ஒடனே கால்சியம் ஊசி போட்டாங்க, அப்புறம் குளுக்கோஸோட இன்சுலின். அன்னிக்கு ராத்திரியே டயாலிசிஸ்.

இப்ப உருளைக்கெழங்கு, கீரை எதுன்னாலும் நறுக்கி, நெறையத் தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுத்தான் தாளிக்கறேன். இளநீர் அறவே இல்லை. கம்மியானாலும் கால் சோரும், எச்சானாலும் கால் சோரும். ஆளைப் பாத்து எதுன்னு கண்டுபுடிக்க முடியாது, ரத்தம் பாத்தாத்தான் தெரியும்.

பொள்ளாச்சி தோப்புக்காரன்:

நடுவுல ஒரு சந்தேகமுங்க. தென்னைக்கு வருசத்துக்கு மரம் ஒண்ணுக்கு 2 கிலோ பொட்டாஷ் வெக்கறோம். அதுவும் பொட்டாசியம் குளோரைடுதானுங்களே? வெயில்ல கால் இழுக்குதுன்னு வேலைக்கு வர்ற அண்ணன் ஒருத்தரு, துளி எடுத்துக் கரைச்சுக் குடிச்சா ஆகாதான்னு கேட்டாரு. இல்ல, நீங்க சொன்ன பொட்டாசியம் மாத்திரையாவது வாங்கிக் குடுக்கலாமுங்களா?

கோபி பார்மசிஸ்ட்:

பேரு ஒண்ணுதானுங்க, ஆனா ஒர மூட்டையில இருக்கறதை மருந்துக்குச் சுத்தம் பண்ணியிருக்க மாட்டாங்க, அளவும் யாருக்கும் தெரியாது. கண்டிப்பா வாயில வெக்க வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லுங்க. வெயில்ல வேலை செஞ்சு இழுக்கறது பெரும்பாலும் தண்ணியும் உப்பும் வேர்வையில போறதாலதான். நெழல்ல உக்கார வெச்சு ஓஆர்எஸ் குடுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ல 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்குது. அந்தச் சிரப்புல 15 மில்லிக்குள்ளயே அவ்வளவும் அடங்கிருக்குது. அது எவ்வளவு கெட்டியான மருந்துன்னு இதுலயே தெரியும். ரத்தம் பாக்காம மாத்திரை வாங்கித் தர வேண்டாம். சர்க்கரை, பிரசர், கிட்னிக் கோளாறு இருக்கற ஆளா இருந்தா ஓஆர்எஸ்ஸுக்கும் டாக்டரைக் கேட்டுக்கோங்க.

அக்கா சொன்ன உப்பு விசயம் ரொம்ப முக்கியம். 2025 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் அந்த மாதிரி உப்பை ஆதரிச்சு வழிகாட்டுதல் குடுத்தப்பவே, கிட்னி பலவீனமானவங்களுக்கு அது பொருந்தாதுன்னு தனியாச் சொல்லியிருக்குது.

காங்கயத்து மருமக:

குளோரைடு சிரப் தாராபுரத்துல கெடைச்சுருச்சுங்க அண்ணா. கிரியேட்டினின் 1.2, அது போன வருசத்தது. வலி மாத்திரையை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். இளநீர் மட்டும் வேணும்னு அடம் புடிக்கறாரு. குடுக்கலாமுங்களா?

கோபி பார்மசிஸ்ட்:

பெரிய இளநீர் ஒண்ணுல 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும், ரகத்துக்கும் முத்தலுக்கும் தக்கன மாறும். சிரப்பு ஓடற அஞ்சு நாளும் இளநீர் வேண்டாம், கணக்கே கொழம்பிரும். ரிசல்ட் வந்தப்புறம் டாக்டரைக் கேட்டுட்டுக் குடுங்க. அஞ்சாம் நாள் ரத்தம் குடுக்கறப்பக் கிரியேட்டினினையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, முடிஞ்சா மெக்னீசியமும். மெக்னீசியம் கொறைவா இருந்தா எவ்வளவு பொட்டாசியம் குடுத்தாலும் ஏறாது. ஊசி குத்தறப்ப மாமா கையை மூடி மூடித் தெறக்க வேண்டாம், அதுல பொட்டாசியம் பொய்யாக் கூடிக் காட்டும். எடுத்த ரத்தம் நேரங்கெட்டுக் கெடந்தாலும் அப்படித்தான்.

இதுக்கு நடுவுல நெஞ்சு படபடப்பு, ரொம்பச் சோர்வு, கருப்பா வெளிக்குப் போறது, இதுல எது வந்தாலும் சிரப்பை நிறுத்திட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரிசல்ட் 5 தாண்டி வந்தா அடுத்த வேளை குடுக்காம டாக்டருக்குப் போன் போடுங்க. சரியா வந்தாலும் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு பாட்டல் வாங்க வேண்டாம் அம்மணி, புதுசா எழுதிக் குடுத்தா மட்டும் வாங்குங்க.