அபிக்கு கெக்கோ தொட்டி

அபி: சித்தீ அப்பா ஓம் எண்டிட்டார்!! பச்சோந்தி வாங்கலாமாம், 18க்கு 18க்கு 24 இஞ்சி கண்ணாடித் தொட்டியும் பாத்து வச்சிட்டன், உள்ளுக்கு நிறைய செடி வைக்கப்போறன்

சுதா சித்தி: அந்தத் தொட்டி பச்சோந்திக்குக் காணாது ராசா. யேமன் பச்சோந்தி வளந்தா 2 அடிக்கு 2 அடி, 4 அடி உயரத்தில காத்துப் போற வலைக்கூடு வேணும், யூவி லைட் வேணும், கிண்ணத்தில தண்ணி வச்சாலும் பாக்காது, இலையில சொட்டுறதத்தான் நக்கும். உன்ர தொட்டியில கிரெஸ்டட் கெக்கோ எண்ட பல்லி ஒண்டு வடிவா இருக்கும்

அபி அப்பா: ஹீட்டருக்கு கரண்ட் பில் எவ்வளவு வரும் சுதா

சுதா சித்தி: ஹீட்டரே வேண்டாம் அத்தான். அது பசிபிக் கடல்ல இருக்கிற நியூ கலிடோனியாத் தீவுப் பல்லி, அழிஞ்சு போச்சு எண்டு நினைச்சிருந்து 1994ல திரும்பக் கண்டது. 22–26 டிகிரி காணும், 28க்கு மேல போனாத்தான் ஆபத்து. என்ர முதல் கெக்கோவை ஒரு யூலையில யன்னலடியில வச்சிட்டு வேலைக்குப் போனனான், வந்து பாக்க அடியில அசைவில்லாமக் கிடந்தது, இண்டைக்கும் நினைச்சா மனசு ஏலாது. யன்னலுக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம் அபி

அபி: சரி சித்தி. மண்?

சுதா சித்தி: அடியில 2 இஞ்சிக்கு சுட்ட களிமண் உருண்டை, மேல வலை, அதுக்கு மேல தும்புத்தூள் கலந்த மண். உரம் போட்ட மண் கூடாது. ஸ்பிரிங்டெயில் எண்ட குட்டிப் பூச்சியள் கொஞ்சம் விடு, பூஞ்சணத்தை அதுகள் தின்னும். கடைச் செடியெண்டா பூச்சிமருந்து இருக்கும், இலையையும் வேரையும் நல்லாக் கழுவோணும்

அம்மம்மா: என்ர மணிபிளாண்ட் தழைச்சுக் கிடக்கு பிள்ளை மருந்தே காட்டாதது வெட்டித் தாறன் பல்லி அதில ஏறுமோ

சுதா சித்தி: ஏறும் அம்மா, பகல் முழுக்க இலைக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு நித்திரை. கண்ணிமை இல்லை அதுக்கு, நாக்கை நீட்டித் தன்ர கண்ணைத் தானே துடைக்கும், அவ்வளவு வடிவு

அபி: இந்தக் கிழமையே வாங்குவமா 🥺

சுதா சித்தி: முதல்ல செடி நட்டு ஒரு மாசம் வெறுமன விடு. இரவில தண்ணி விசிறு, ஈரப்பதம் 80 வீதத்துக்கு ஏறி பகல்ல 50க்கு இறங்குதோ எண்டு பார், ஸ்காபரோ வின்டர்ல ஹீட்டிங் போட்டா காத்து காஞ்சுபோகும். வேர் பிடிச்ச பிறகு ஒண்டே ஒண்டு வாங்கு, ரெண்டு ஆணை விட்டா அடிபடும், வால் அறுந்தா அதுக்குத் திரும்ப முளைக்காது

அபி: அப்ப சனிக்கிழமை அம்மம்மா வீட்டை வாறன்

அம்மம்மா: வா ராசா. கணுவோட வெட்டி இண்டைக்கே தண்ணியில போட்டு வைக்கிறன்