நாலு ரேம் போட்டால் மட்டும் பிழை: பழுது ரேமிலா, செட்டிங்கிலா?

ராக்கோழி:
நானே பூட்டிய கம்ப்யூட்டர். ரைசன் 7 5800எக்ஸ், 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போட்டு 3600 வேகத்தில் ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. போன மாதம் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிச் செருகினேன். அன்றிலிருந்து தொல்லைதான். பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி பிழை, அதாவது தகவல் கெட்டிருக்கிறது என்கிறது. அதையே மறுபடி பிரித்தால் சில சமயம் சரியாக வருகிறது. ப்ளூ ஸ்கிரீன் வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் காட்டுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலில் முதல் சுற்றிலேயே 40 பிழை. பிராசஸரில் கர்வ் ஆப்டிமைசர் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) எல்லாக் கோருக்கும் மைனஸ் 20. புது ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கறார்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டியில் 3600 என்று அச்சடித்துத்தான் விற்றார்கள். அந்த வேகத்தில் ஓடாவிட்டால் அது பழுதான பொருள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். வேகத்தைக் குறைத்துச் சமாளிப்பது, காசு கொடுத்து வாங்கியதை நாமே விட்டுக்கொடுப்பது.

தாமிரக்கம்பி:
கறார், அவசரப்படாதீர்கள். டிடிஆர்4க்கு, ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த வேகம் 3200 வரைதான், அதுவும் 1.2 வோல்டில். 1.35 வோல்ட் கொடுத்து 3600ல் ஓட்டினால் அது ஓவர்க்ளாக், அதாவது வகுத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. எக்ஸ்எம்பி என்று ஒரே பட்டனில் கொடுத்திருப்பதால் நமக்கு அப்படித் தெரிவதில்லை. இன்னொன்று, அந்த 3600 பெட்டிக்குள் இருக்கும் ஜோடிக்கு மட்டும் சோதித்துப் போட்ட எண். இரண்டு ஜோடியைக் கலந்தால் அதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

ரேமைவிட, அதை இயக்கும் கன்ட்ரோலர்தான் இங்கே முக்கியம். அது பிராசஸருக்குள் இருக்கிறது. டூயல் ரேங்க் ரேம் (ஒரே ரேமில் இரண்டு தொகுதி சிப்) நான்கு போட்டால் இந்த ரைசன் வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகமே 2667. ராக்கோழி கேட்பது 3600.

முதலில் கர்வ் ஆப்டிமைசரைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு ஓவர்க்ளாக்கை ஒன்றாக வைத்துக்கொண்டு தேடினால் எது பிழை செய்கிறது என்று கடைசிவரை தெரியாது. அப்புறம் ஒவ்வொரு ரேமையும் தனியாக, பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, எக்ஸ்எம்பி இல்லாமல் நான்கு சுற்று ஓட்டுங்கள். பிழை வந்தால் முகவரியைக் குறித்து வையுங்கள். ஒரே முகவரி, ஒரே பிட் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் செத்திருக்கிறது. கறார் சொல்வதே சரி. இடம் மாறி மாறி வந்தால் வேகம், வோல்டேஜ், சூடு இவற்றில் ஒன்று.

கறார்:
தனியாக ஓடுவது எதை நிரூபிக்கும்? 2133ல் எந்த ரேமும் ஓடும். 3600ல் தனியாக ஓட்டச் சொல்லுங்கள், அதுதான் நியாயமான சோதனை.

தாமிரக்கம்பி:
அது சரி. இரண்டு வேகத்திலும் ஓட்டட்டும்.

மின்னல்வெட்டு:
இவ்வளவு எதற்கு? ரேம் வோல்டேஜை 1.42 ஆக்குங்கள், எஸ்ஓசி வோல்டேஜையும் (பிராசஸருக்குள் ரேம் கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) கொஞ்சம் ஏற்றுங்கள். எனக்கு நான்கு ரேமும் 3600ல் ஓடுகிறது.

தாமிரக்கம்பி:
எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள்? நான்கு ரேம் நெருக்கி நிற்கும்போது நடுவில் இருப்பவை காற்றில்லாமல் வேகும். சூடு ஏற ஏற, தகவலை வைத்திருக்கும் டிராம் செல்லில் மின்னேற்றம் சீக்கிரம் கசியும். 85 டிகிரிக்கு மேல் அதைப் புதுப்பிக்கும் இடைவெளியை 7.8 மைக்ரோ நொடியிலிருந்து பாதியாக்க வேண்டும் என்பதே டிடிஆர்4 விதி. இறுக்கமான டைமிங்கில் (ரேமின் ஒவ்வொரு வேலைக்கும் விடும் காத்திருப்பைக் குறைத்தால்) அதற்கு ரொம்ப முன்னாலேயே பிழை வரும். வோல்டேஜ் ஏற்றுவது சூட்டையும் சேர்த்து ஏற்றும்.

ராக்கோழி:
மூன்று இரவு ஓட்டிவிட்டேன். நான்கு ரேமும் தனித்தனியாக, இரண்டு வேகத்திலும் சுத்தம். ஜோடி ஜோடியாகவும் 3600ல் சுத்தம். நான்கும் சேர்ந்தால் 3600ல் பிழை, ஒவ்வொரு தடவையும் வேறு முகவரி. 3200ல் எட்டு சுற்று பிழையே இல்லை. ஆனால் ஒரு குழப்பம். மகிழ்ச்சியில் கர்வ் ஆப்டிமைசரைத் திரும்பப் போட்டேன். நேற்று சும்மா இருந்த கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது.

தாமிரக்கம்பி:
அது வேறு நோய். மைனஸ் 20ல் முழுச் சுமையைத் தாங்கும். லேசான வேலையில் ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் போதாமல் போகும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), எண் 18 இருக்கிறதா பாருங்கள். அதில் காட்டும் ஏபிஐசி எண்ணை (பிழை செய்த திரெட்டின் எண்; ஒரு கோருக்கு இரண்டு திரெட்) இரண்டால் வகுத்தால் எந்தக் கோர் என்று தெரியும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து.

ராக்கோழி:
இருக்கிறது. எண் 4, அதாவது கோர் 2. அதற்கு மட்டும் மைனஸ் 8 வைத்தேன். நான்கு நாளாக ரீஸ்டார்ட் ஆகவில்லை. ரேமைத் திருப்பித் தரவில்லை, 3200 போதும்.

கறார்:
ரேமில் பழுதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இரண்டுக்கு மட்டும்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் நீங்கள் மூன்று இரவு விழித்திருக்க வேண்டியதில்லை. அதில் நான் மாறவில்லை.

தாமிரக்கம்பி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். ராக்கோழி, ஒரு வேலை பாக்கி. போன மாதம் அந்த ரேம் வழியாக எழுதிய கோப்புகள் எதையும் நம்பாதீர்கள். நகலெடுத்த படங்களை மூலத்தோடு ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு ஒப்பிடுங்கள். அதுவரை பழைய பேக்கப்பை அழிக்க வேண்டாம்.