மேக்கில் டைரெட் திறக்கவில்லை

கேள்வி: மேக்கில், ஈமேக்ஸ் எடிட்டரின் டைரெட்டில் (ஃபோல்டரில் இருக்கிற ஃபைல்களைக் காட்டும் பகுதி) எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் ‘பட்டியலிட முடியவில்லை, ஆனால் அணுக முடிந்தது’ என்று பிழை வருது. இதே இனிட் ஃபைல் (ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கிற அமைப்பு ஃபைல்) லினக்ஸில் ஒழுங்கா ஓடுது. பெர்மிஷன் பிரச்சினையா?

பதில்: பெர்மிஷனா இருக்க வாய்ப்பு கம்மிங்க, எந்த ஃபோல்டரிலும் இதே பிழை வருதே. டெர்மினலில் மைனஸ் க்யூ (-Q, பெரிய எழுத்து) போட்டு ஈமேக்ஸைத் திறங்க, இனிட் ஃபைலைப் படிக்காம திறக்கும். அப்போ டைரெட் வந்தா கோளாறு இனிட் ஃபைலில்தான். அதில் டைரெட்டின் லிஸ்டிங் சுவிட்சில் (பட்டியலிடும் எல்எஸ் கமாண்டுக்குக் கொடுக்கும் ஆப்ஷன்கள்) ஃபோல்டர்களை முதலில் காட்டும் ஆப்ஷன் இருக்கா? அது லினக்ஸில் இருக்கிற குனு எல்எஸ்ஸோடது. மேக்கோடு வரும் எல்எஸ் பிஎஸ்டி வகை, அதுக்கு இந்த ஆப்ஷன் தெரியாது. டெர்மினலில் எல்எஸ்ஸை அதே சுவிட்சோடு ஓட்டிப் பாருங்க, அங்கேயும் பிழை வரும்.

இன்னொரு பதில்: ஹோம்ப்ரூவில் (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) கோர்யூட்டில்ஸ் போட்டா குனு எல்எஸ், ஜிஎல்எஸ்ங்கிற பேரில் வரும். இனிட் ஃபைலில் இன்சர்ட்-டைரக்டரி-புரோகிராமை (டைரெட் எந்த கமாண்டில் பட்டியலிடணும்னு சொல்ற அமைப்பு) ஜிஎல்எஸ்னு மாத்துங்க. ஜிஎல்எஸ் இருக்கிற இடத்தின் முழுப் பாதையும் அவசியம்: டாக்கில் (திரையோர ஐகான் பட்டை) இருந்து திறக்கிற ஈமேக்ஸுக்கு ஷெல்லின் பாத் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) வராது.

கேட்டவர்: சுவிட்சை எடுத்ததும் திறந்தது. ஜிஎல்எஸ் போட்டதும் ஃபோல்டர்களும் மேலே வந்துடுச்சு. நன்றி.