இது ஹாம்ப்டனா, விட்லியா?

நண்பர்களே, பழைய படம் ஒன்றில் இருக்கும் குண்டுவீச்சு விமானத்தை அடையாளம் காண உதவுங்கள். பின்பக்கம் பென்சிலில் 1940 என்று இருக்கிறது. பிரிட்டிஷ் வட்டச் சின்னம் தெளிவு. வாலில் இரண்டு செங்குத்துத் தகடுகள். ஆகவே வெலிங்டனோ பிளெனிமோ இல்லை, அவற்றுக்கு ஒன்றுதான்.

இன்ஜின் முகப்பு வட்டமாக இருப்பதால் முதலில் ஹாம்ப்டன் என்றே நினைத்தேன். ஆனால் விட்லியின் ஆரம்ப வகைகளிலும் வட்ட இன்ஜின்தானே! வால் நுனியில் துப்பாக்கிக் கூண்டு இருந்தால் விட்லி என்று சொல்லிவிடலாம். சரியாக அந்த இடத்தில் படம் கிழிந்திருக்கிறது, மனசே ஆறவில்லை.

முன்னால் நான்கு வீரர்கள் நிற்கிறார்கள். ஹாம்ப்டன் குழு நான்கு பேர், விட்லி ஐந்து. ஐந்தாமவர் படமெடுத்திருப்பாரோ? அந்த முகங்களுக்காகவாவது விமானத்தின் பெயர் தெரிய வேண்டும். வேறு எதைப் பார்க்கலாம், சொல்லுங்கள்.